விளைபொருளை கிரிப்டோல வித்தா காசு ஒழுங்கா கைக்கு வருமா?

கேள்வி இதுதான். ஒரு விவசாயிகள் குழு தானியம் விக்கிறாங்க, வெளிநாட்டு பையர் ஒருத்தர் பேங்க் வழியா பணம் அனுப்பினா நாளாகும், யூஎஸ்டிடி-ல (டாலர் மதிப்போட ஒட்டி நிக்கிற ஒரு கிரிப்டோ காயின்) அனுப்புறேன் கொஞ்ச நேரத்துல வந்துடும்னு சொல்றாரு. வாங்கலாமா, வாங்கினா எப்படி வாங்குறது, இது நல்லபடியா போனா காய்கறி பழம்னு எல்லாத்தையும் இப்படியே வித்துடலாமா?

நேரா சொல்லிடுறேன், தானியத்துக்கு வாங்கலாம், சில கண்டிஷனோட. காய்கறி பழத்துக்கு தூர தேசத்து பையர்கிட்ட இந்த வழியில போகவே போகாதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க, ஏன்னா இதுல ஒரு தப்பு நடந்தா ஒரு சீசன் உழைப்பு மொத்தமும் போயிடும்.

விளைபொருள் வியாபாரத்துல தகராறு எங்க வருதுன்னு முதல்ல பாருங்க. ஈரப்பதம் ஜாஸ்தி, உடைசல் ஜாஸ்தி, சாம்பிள்ல காட்டினது வேற லோடுல வந்தது வேற, எடை குறையுது, வழியில நனைஞ்சுடுச்சு, சொன்ன தேதிக்கு வரல, இப்படித்தான் வரும். "பேங்க் லேட் பண்ணிடுச்சு"ங்கறதும் உண்டு, ஆனா பாதி நேரம் அந்த லேட்டுக்குப் பின்னாடி இருக்கிறதும் தரத்தைப் பத்தின சண்டைதான், பையர் வேணும்னே பணத்தை நிறுத்தி வெச்சிருப்பாரு. கிரிப்டோ பணம் போற ரோட்டை மட்டும்தான் மாத்துது. சரக்கு பக்கம் இருக்கிற பிரச்சனை ஒண்ணையும் அது தொடாது. இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

அடுத்து, "கிரிப்டோல விக்கிறது"ன்னு எல்லாரும் ஒரே வார்த்தையா பேசுறதுல மூணு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு, அதைப் பிரிச்சுடுறேன்.

ஒண்ணு, காயினை சும்மா பணமா வாங்குறது. இது ரொம்ப பழசு, 2011-லயே அமெரிக்காவோட மாசசூசெட்ஸ்ல ஒரு அல்பாக்கா பண்ணைக்காரங்க பிட்காயின் வாங்கிட்டு கம்பளி சாக்ஸ் வித்தாங்க, பிட்காயினை ஏத்துக்கிட்ட ஆரம்பகால வியாபாரங்கள்ல அதுவும் ஒண்ணு. அது ஏன் பிரச்சனையில்லாம ஓடிச்சுன்னா, பொருள் கெட்டுப்போகாது, தொகை சின்னது, காசு வந்த பிறகுதான் பார்சல் கிளம்புது. இந்த மூணும் சேர்ந்து இருக்கிற எந்த வியாபாரத்துக்கும் கிரிப்டோ சரியா வரும், தேன், காஞ்ச மூலிகை, நூல், விதை, எதுவா இருந்தாலும் சரி.

ரெண்டாவது, பேப்பரை பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி பதிவாகுற பொதுவான டிஜிட்டல் கணக்குப் புத்தகத்துல, ஏத்துறது. 2018 ஜனவரில லூயி ட்ரேஃபஸ்ங்கற பெரிய தானிய வியாபார கம்பெனி அமெரிக்காவுல இருந்து சீனாவுக்கு ஒரு கப்பல் சோயாபீன்ஸ், 60,000 டன், அனுப்பினாங்க, ஐஎன்ஜி, சொசைட்டி ஜெனரல், ஏபிஎன் ஆம்ரோ பேங்க்குகள் கூட இருந்தாங்க, வாங்கினது ஷான்டோங் போஹாய்ங்கிற கம்பெனி. விற்பனை ஒப்பந்தம், எல்சி (பையரோட பேங்க் குடுக்கிற பண உறுதிக் கடிதம்), சர்டிபிகேட் எல்லாம் பிளாக்செயின் பிளாட்ஃபார்ம்ல போச்சு, டாக்குமென்ட் வேலைக்கு ஆகுற நேரம் அஞ்சுல ஒரு பங்கா குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டியது, நடுவுல இருந்த பேங்க்குகள் அங்கயேதான் இருந்தாங்க, எல்சியும் இருந்துச்சு. மாறினது காகிதம் மட்டும்தான். இதைக் காட்டி "பெரிய கம்பெனியே கிரிப்டோல தானியம் வாங்குது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது வேற இது வேற.

மூணாவது, விளைச்சலையே டோக்கனா, அதாவது கை மாத்தக்கூடிய டிஜிட்டல் சீட்டா, மாத்துறது. அர்ஜென்டினாவுல அக்ரோடோக்கன்னு ஒரு கம்பெனி, சோயா சோளம் கோதுமை மூணுக்கும் தனித்தனி டோக்கன் போட்டாங்க, ஒரு டோக்கன்னா கிடங்குல இருக்கிற ஒரு டன் தானியம். விவசாயி தானியத்தை கிடங்குல ஒப்படைச்சா டோக்கன் கிடைக்கும், அதைக் குடுத்து உரம், மெஷின்னு வாங்கிக்கலாம். 2022-ல சான்டண்டர் பேங்க் அந்த டோக்கனை அடமானமா வெச்சு கடன் குடுத்துப் பாத்தாங்க. எனக்கு இந்த மூணுல ரொம்ப அர்த்தம் உள்ளதா படுறது இதுதான், காரணம் அந்த நாட்டுல அப்போ பணவீக்கம் தலைவிரிச்சு ஆடிச்சு, விவசாயி வித்து அந்த நாட்டுப் பணமான பெசோவா கையில வெச்சிருந்தா கரைஞ்சுடும்னு தானியத்தையே பெரிய பிளாஸ்டிக் பையில போட்டு வயல்லயே சேமிச்சு வெப்பாங்க, அந்த பழக்கத்து மேல டோக்கன் வந்து உக்காந்துச்சு. தானியமாவே சேமிப்பு இருக்கணும், ஆனா செலவு பண்ணவும் முடியணும், இந்த தேவைக்கு பதில் குடுத்தது. ஆனா அங்கயும் கிடங்குல தானியம் நிஜமா இருக்கான்னு சொல்ல ஒரு ஆள் வேணும், கிடங்குக்காரர் பொய் சொன்னா டோக்கனும் பொய்தான்.

உங்க கேள்வி முதல் வகை. பையர் சரக்கு எடுக்குறாரு, காயின்ல பணம் தர்றாரு. அதை மட்டும் பாப்போம்.

எந்த காயின்ங்கறதுலதான் முதல் முடிவு. விவசாயி தலையில ஏற்கனவே ஒரு சூதாட்டம் இருக்கு, மழை எப்படி வரும், அறுவடை சமயத்துல விலை என்ன இருக்கும்னு. அதுக்கு மேல காயினோட விலைங்கற ரெண்டாவது சூதாட்டத்தையும் ஏத்தி வெக்கிறதை என்னால ஏத்துக்கவே முடியாது, இதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன். பிட்காயின் 2021 நவம்பர்ல 69,000 டாலர் வரைக்கும் போச்சு, சரியா ஒரு வருஷத்துல 16,000-க்கும் கீழ வந்துச்சு. 2020 மார்ச் 12 அன்னிக்கு ஒரே நாள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு. உங்க குழுவுக்கு செலவு போக நூத்துக்கு பத்து நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, காயினை வாங்கி வாலட்ல (காயின் வெக்கிற டிஜிட்டல் பர்ஸ்) வெச்சிருந்த ஒரு வாரத்துல அது நூத்துக்கு பதினஞ்சு இறங்குனா நீங்க உழுததும் விதைச்சதும் அறுத்ததும் நஷ்டத்துக்குத்தான். ஏறுனா லாபம்தானேன்னு கேப்பாங்க. ஏறும்னு நம்புறவங்க சொந்த சேமிப்புல வாங்கிக்கலாம், குழுவோட விளைச்சல் பணத்துல அதை பண்ணக்கூடாது. அது நூறு வீட்டோட சாப்பாட்டுக் காசு.

அதனால பிட்காயின், ஈதர் எல்லாம் வேணாம், ஸ்டேபிள்காயின் மட்டும்தான். டாலர் மதிப்போட ஒட்டி நிக்கிற யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி இந்த ரெண்டும்தான் பெருசா புழக்கத்துல இருக்கு. ஆனா ஸ்டேபிள்னு பேர் வெச்சதெல்லாம் ஸ்டேபிள் கிடையாது, டெர்ரா யூஎஸ்டி-ன்னு ஒண்ணு இருந்துச்சு, 2022 மே மாசம் சில நாள்ல ஒரு டாலர்ல இருந்து சில சென்ட்டுக்கு போயிடுச்சு, அதுக்குப் பின்னாடி நிஜமான டாலர் எதுவும் இல்லாம இன்னொரு காயினை வெச்சு விலையைத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. யூஎஸ்டிசி-க்குப் பின்னாடி நிஜமான டாலர் இருந்துச்சு, அப்படியும் 2023 மார்ச்ல சிலிக்கான் வேலி பேங்க் மூடினப்போ அந்த கம்பெனியோட 3.3 பில்லியன் டாலர் அங்க மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்ச உடனே 88 சென்ட் கிட்ட விழுந்து, அமெரிக்க அரசாங்கம் டெபாசிட்டுக்கு உத்தரவாதம் குடுத்த பிறகு சில நாள்ல திரும்ப ஏறிச்சு. இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது, காயின் வாலட்டுக்கு வந்த அன்னிக்கே, முடிஞ்சா அந்த மணி நேரத்துக்குள்ளயே சொந்த நாட்டுப் பணமா மாத்திடணும். அது பணத்தை கூட்டிட்டு வர்ற வண்டி, வந்து சேர்ந்ததும் இறங்கிடணும், அதுக்குள்ளயே குடியிருக்கக் கூடாது.

அப்போ மாத்துறதுக்கு வழி இருக்கான்னு பையர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே பாத்து வெச்சுக்கணும். லைசென்ஸ் உள்ள எக்ஸ்சேஞ்ச்ல (காயினை வாங்கி விக்கிற, பணமா மாத்துற கம்பெனி) குழுவோட பேர்ல கணக்கு, அதோட இணைஞ்ச பேங்க் கணக்கு, ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்கலாம்ங்கற லிமிட், மாத்துறதுக்கான கட்டணம், இது நாலும் தெரியாம விலை பேசாதீங்க. வெளிநாட்டுக்கு சின்ன தொகை அனுப்ப உலக சராசரியா நூத்துக்கு 6 டாலருக்கு மேல செலவாகுதுன்னு உலக வங்கி கணக்கு சொல்லுது, கிரிப்டோல கட்டணம் கம்மின்னு சொல்றவங்க இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க, நெட்வொர்க் கட்டணத்தை மட்டும் பாத்தா உண்மைதான். ஆனா பையர் பணத்தை காயினா மாத்துறப்போ ஒரு வெட்டு, நீங்க காயினை பணமா மாத்துறப்போ ஒரு வெட்டு, இதைக் கூட்டிப் பாத்துட்டு பேங்க் கட்டணத்தோட ஒப்பிடுங்க. பெரிய தொகைக்கு பேங்க்கே மலிவா வர்றதும் உண்டு.

மாத்துறதுக்கு தனி ஆள்கிட்ட, பி2பி-ல (எக்ஸ்சேஞ்சுக்கு விக்காம ஆளுக்கு ஆள் நேரா மாத்துறது), நல்ல ரேட் தர்றான்னு போகாதீங்க. இது நெறைய பேருக்குப் புரியறதில்ல. உங்க காயினை வாங்கிக்கிட்டு உங்க பேங்க் கணக்குல பணம் போடுறவன் வேற எங்கயோ ஏமாத்தின பணத்தைப் போட்டிருப்பான், ஏமாந்தவர் போலீஸ்ல புகார் குடுத்தா அந்தப் பணம் போன கணக்கெல்லாம் முடக்கப்படும், அதுல குழுவோட கணக்கும் மாட்டும். நீங்க ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டீங்க, ஆனா அறுவடை சமயத்துல கூலி குடுக்க காசு எடுக்க முடியாம நிக்க வேண்டி வரும். காயின் பக்கமும் இதே கதை இருக்கு, யூஎஸ்டிடி-யை வெளியிடுற டெதரும் யூஎஸ்டிசி-யை வெளியிடுற சர்க்கிளும் அரசாங்கம் கேட்டா ஒரு வாலட் அட்ரஸ்ல இருக்கிற காயினை அப்படியே ஃப்ரீஸ் பண்ண முடியும், பண்ணியும் இருக்காங்க. அதனால பையர் எந்த அட்ரஸ்ல இருந்து அனுப்பப் போறாரு, அது அவரோட கம்பெனி பேர்ல இருக்கிற எக்ஸ்சேஞ்ச் கணக்கா, இதை எழுத்துல வாங்குங்க. "என் நண்பர் அனுப்புவாரு", "ஏஜென்ட் அனுப்புவாரு"ன்னா வேணாம்னு சொல்லிடுங்க.

இப்போ ஏமாத்து வேலை. காயின் அனுப்பினா திரும்ப வாங்க முடியாதுங்கறது விக்கிறவருக்கு சாதகம், பையர் பணத்தைப் போட்டுட்டு பிறகு பேங்க்ல சொல்லி இழுத்துக்க முடியாது. இந்த தைரியத்துலதான் நெறைய பேர் "வந்துடுச்சு"ன்னு நம்பி லாரியை கிளப்பிடுறாங்க. வந்துதான் இருக்கான்னு பாக்கணும். ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே கிடையாது. யூஎஸ்டிடி-ன்னு பேர் வெச்சு யாரு வேணும்னாலும் ஒரு போலி டோக்கன் உருவாக்கலாம், உங்க வாலட்ல பேரும் தொகையும் அச்சு அசலா தெரியும், ஆனா கான்ட்ராக்ட் அட்ரஸ் (அந்த காயினை உருவாக்கினது யாருன்னு காட்டுற அடையாள எண்) வேறயா இருக்கும், மாத்த போனா சல்லிக்காசு தேறாது. "பணம் வந்துடுச்சு, அதை அன்லாக் பண்ண கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்க"ன்னு வந்தா அது நூத்துக்கு நூறு திருட்டு, பணம் வாங்குறவர் எந்த நெட்வொர்க்லயும் முன்கட்டணம் கட்ட வேண்டியதில்ல. தெரியாம அதிகமா அனுப்பிட்டேன், மீதியை திருப்பி அனுப்புங்கன்னு சொல்றதும் அதே கூட்டம்தான். இன்னொண்ணு, உங்க பழைய பரிவர்த்தனையில இருக்கிற அட்ரஸ் மாதிரியே முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் வர்ற மாதிரி ஒரு அட்ரஸ்ல இருந்து சும்மா துளியூண்டு அனுப்பி வெப்பாங்க, அடுத்த தடவை நீங்க ஹிஸ்டரில இருந்து காப்பி பண்ணி அனுப்பினா அவங்களுக்குப் போயிடும். முழு அட்ரஸையும் எழுத்து எழுத்தா சரி பாருங்க, ரெண்டு பேர் உக்காந்து பாருங்க.

நெட்வொர்க்கும், அதாவது காயின் எந்த பிளாக்செயின் வழியா வருதுங்கறதும், முக்கியம். ஒரே யூஎஸ்டிடி எத்திரியம்லயும் இருக்கு, ட்ரான்லயும் இருக்கு, இன்னும் பல செயின்லயும் இருக்கு. நீங்க குடுத்த அட்ரஸ் ஒரு நெட்வொர்க், அவர் அனுப்பினது இன்னொரு நெட்வொர்க்னா, எக்ஸ்சேஞ்ச் அதை சப்போர்ட் பண்ணலன்னா அந்த பணத்தை மீட்கறது பெரும்பாடு, பல சமயம் முடியவே முடியாது. அதனால முதல்ல ஒரு சின்ன தொகை அனுப்பச் சொல்லி, அதை உங்க நாட்டுப் பணமா மாத்தி, பேங்க் கணக்குல வந்து விழுந்த வரைக்கும் பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் பெரிய தொகைக்கு ஒப்புக்கணும். ட்ரான்ல ஒரு நிமிஷத்துல உறுதியாகிடும். பிட்காயின்ல ஒரு பிளாக்குக்கு சராசரியா 10 நிமிஷம், பெரிய தொகைக்கு ஆறு கன்ஃபர்மேஷன், அதாவது ஆறு பிளாக் பதிவாகுற வரைக்கும், பாக்கணும்னா ஒரு மணி நேரம், நெரிசல் நேரத்துல கட்டணமும் எகிறும், 2024 ஏப்ரல் 20 அன்னிக்கு ஒரு பரிவர்த்தனைக்கு சராசரியா 100 டாலருக்கு மேல போச்சு.

சரி, இப்போ கஷ்டமான இடம். யாரு முதல்ல குடுக்குறது, பணமா சரக்கா? நீங்க முழு அட்வான்ஸ் கேட்டா பையர் பயப்படுவாரு, திருப்பி வாங்க முடியாத பணமாச்சே. அவர் சரக்கு வந்த பிறகு தர்றேன்னா நீங்க பயப்படுவீங்க. உலக வர்த்தகத்துல இந்த பயத்துக்குத்தான் எல்சி இருக்கு, பையரோட பேங்க், டாக்குமென்ட் சரியா இருந்தா நான் பணம் தர்றேன்னு உறுதி குடுக்கும், எல்சிக்கான உலகப் பொது விதியான யூசிபி 600-படி டாக்குமென்ட் கைக்கு வந்து அஞ்சு பேங்க் வேலை நாளுக்குள்ள சரியா இல்லையான்னு முடிவு சொல்லணும். எல்சி மெதுவா போகுது, செலவு வைக்குதுன்னு திட்டுவாங்க, ஆனா அதுல ஒரு பேங்க் உங்களுக்கு பொறுப்பேத்துக்குது, கிரிப்டோல அந்த ஸ்தானத்துல யாரும் இல்ல. பெரிய தொகை, முதல் தடவை வியாபாரம்னா நான் இன்னமும் எல்சியைத்தான் சொல்வேன், கிரிப்டோவை ரெண்டாவது மூணாவது லோடுக்கு யோசிங்க.

கிரிப்டோலயே பண்ணியாகணும்னா எஸ்க்ரோ வேணும், அதாவது சரக்கு கை மாறுற வரைக்கும் பணத்தை பொதுவா ஒதுக்கி வெக்கிற ஏற்பாடு. இதுக்கு நல்ல வழி மல்டிசிக் வாலட், மூணு சாவி இருக்கும், அதுல எந்த ரெண்டு சேர்ந்தாலும் பணம் நகரும். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பையர்கிட்ட, ஒண்ணு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட மூணாவது ஆள்கிட்ட. பையர் பணத்தை அதுக்குள்ள போடுறாரு, பணம் உள்ள இருக்கிறதை நீங்க கண்ணால பாக்கலாம், அவர் தனியா திரும்ப எடுக்க முடியாது, நீங்களும் தனியா எடுக்க முடியாது. சரக்கு ஏறுனதும் ரெண்டு பேரும் சைன் பண்ணா வந்துடும், தகராறுன்னா மூணாவது ஆள் யாரு பக்கம் சைன் பண்றாரோ அவருக்குப் போகும். இதோட அருமை என்னன்னா பையர்கிட்ட பணம் இருக்கா இல்லையாங்கற சந்தேகம் சரக்கு நகர்றதுக்கு முன்னாடியே தீர்ந்துடுது. விவசாயியைக் கொல்றதே இந்த சந்தேகம்தான், லோடு அனுப்பிட்டு மாசக்கணக்குல போன் பண்ணி பண்ணி அலையறது.

2016 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட டப்போங்கற ஊர்ல 23.46 டன் கோதுமையை அக்ரிடிஜிட்டல்ங்கற கம்பெனியோட பிளாட்ஃபார்ம்ல வித்தப்போ, பணத்தை முன்னாடியே ஒதுக்கி வெக்கிற இந்த யோசனையைத்தான் வேற விதமா பண்ணாங்க. வந்த கோதுமையோட மதிப்பை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (ஒப்பந்தத்தை தானா நிறைவேத்துற பிளாக்செயின் புரோகிராம்) கணக்கு போட்டு, வாங்குறவர்கிட்ட அவ்ளோ பணம் இருக்கான்னு பாத்து, விவசாயி பேர்ல ஒதுக்கி வெச்சு, டெலிவரி உறுதியானதும் உரிமை மாறுறதும் பணம் போறதும் ஒரே நேரத்துல நடந்துச்சு. அங்க தானியத்தை எடை போடுற இடமும் தரம் பாக்குற ஏற்பாடும் ஏற்கனவே நம்பகமா இருந்துச்சுங்கறதை மறக்கக் கூடாது, கான்ட்ராக்ட் அந்த எண்ணை எடுத்துக்கிட்டு கணக்கு போட்டுச்சு. எடை மெஷின்ல ஏமாத்தினா ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு அது தெரியவே தெரியாது, ஏமாத்தின எடைக்கே கச்சிதமா பணம் குடுத்துடும்.

அதனால மூணாவது சாவி யாருகிட்டங்கறதுதான் இந்த மொத்த ஏற்பாட்டோட உயிர். ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இல்லாத, சரக்கை நேர்ல பாத்து சாம்பிள் எடுத்து லேப்ல சோதிக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். எஸ்ஜிஎஸ், பீரோ வெரிட்டாஸ் மாதிரி இன்ஸ்பெக்ஷன் கம்பெனிகள் உலகம் பூரா இந்த வேலையை பண்றாங்க. அவங்க சாவி வெச்சுக்க மாட்டாங்க, ஆனா அவங்க ரிப்போர்ட்டுதான் கடைசின்னு ஒப்பந்தத்துல எழுதிட்டு, அந்த ரிப்போர்ட்படி சைன் பண்ற வேலையை ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு வக்கீல்கிட்ட குடுக்கலாம். ஈரப்பதம் எவ்ளோ வரைக்கும் சரி, அதுக்கு மேல ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்ளோ கழிவு, எதுக்கு மேல போனா லோடையே நிராகரிக்கலாம், இதெல்லாம் எண்ணா எழுதணும், "நல்ல தரம்"னு எழுதினா அது சண்டைக்கு விதை. தானியத்துக்கு காஃப்டாங்கற உலக தானிய வியாபாரிகள் சங்கத்தோட ஒப்பந்தப் படிவங்கள் இருக்கு, சாம்பிள் எடுக்கிற முறையில இருந்து தகராறு வந்தா நடுவர் தீர்ப்பு வரைக்கும் வரிசையா எழுதி வெச்சிருக்காங்க, பல தலைமுறை சண்டை போட்டு கத்துக்கிட்டது அது, அதை அப்படியே எடுத்துக்கிட்டு பணம் குடுக்கிற பகுதியை மட்டும் மாத்திக்கோங்க.

ஏறுற இடத்துல நூத்துக்கு 80, இறங்குற இடத்துல தரம் பாத்து மீதி 20னு பிரிச்சு வெக்கிறது என் யோசனை. வழியில ஏதாவது ஆனா மீதி 20-லதான் சண்டை நடக்கும், மொத்தப் பணமும் மாட்டாது.

காய்கறி பழத்துக்கு ஏன் வேணாம்னேன்? இந்த எஸ்க்ரோ ஏற்பாடு முழுக்க, சரக்கு கொஞ்ச நாள் அப்படியே இருக்கும்ங்கற நம்பிக்கையில நிக்குது. தானியத்தை மூணு வாரம் கழிச்சு திரும்ப சாம்பிள் எடுக்கலாம். தக்காளியை அப்படி எடுக்க முடியாது, நடுவர் வந்து பாக்குறப்போ அது அழுகியிருக்கும், அழுகினது ஏத்தும்போதா, வழியிலயா, அவர் குடோன்லயான்னு யாராலயும் சொல்ல முடியாது. பையர் "பாதி கெட்டுப்போச்சு, பாதி விலைதான்"னு சொன்னா உங்களுக்கு வேற வழியே இருக்காது, சரக்கை திரும்ப எடுத்துட்டு வர முடியாது. இந்த பலவீனம் தெரிஞ்சுதான் பல நாட்டுல சட்டமே போட்டு வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல 1930-ல இருந்து பாகா-ன்னு ஒரு சட்டம், காய்கறி பழம் வாங்குறவர் வேற மாதிரி எழுதிக்கலன்னா சரக்கை ஏத்துக்கிட்ட 10 நாளைக்குள்ள பணம் குடுக்கணும். ஐரோப்பிய யூனியன்ல 2019-ல கொண்டு வந்த உத்தரவுப்படி, பெரிய பையர்கள் கெட்டுப்போற பொருளுக்கு 30 நாளுக்கு மேல பாக்கி வெக்கக் கூடாது, மத்த விளைபொருளுக்கு 60 நாள். அங்க விக்கிறவங்க இன்வாய்ஸை அந்த நாட்டுப் பணத்துல போட்டு, தேதியோட ஒழுங்கா வெச்சிருந்தா சட்டத்துகிட்ட போய் நிக்கலாம். வெறும் வாலட் அட்ரஸும் சாட் மெசேஜும் வெச்சிருந்தா எந்த அதிகாரிகிட்ட போய் காட்டுவீங்க?

பக்கத்துல இருக்கிற வாடிக்கையாளருக்கு கைக்குக் கை விக்கிறதுன்னா அது வேற, அவர் கண்ணால பாத்து பொறுக்கி எடுத்துட்டு அங்கயே பணம் தர்றாரு, அதுல தகராறுக்கு இடமில்ல. லைட்னிங் நெட்வொர்க்ல (சின்ன தொகையை வேகமா அனுப்ப பிட்காயின் மேல கட்டின ஏற்பாடு) பிட்காயின் சில நொடியில போயிடும், கட்டணமும் துளிதான். ஆனா அதுக்கு ஆள் வேணுமே. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார் 2021 செப்டம்பர்ல பிட்காயினை சட்டப்பூர்வ பணமாக்கி, சீவோங்கற அரசாங்க வாலட் ஆப்பை டவுன்லோட் பண்றவங்களுக்கு 30 டாலர் போனஸும் குடுத்துச்சு, பாதிக்கு மேலானவங்க அந்த போனஸை செலவு பண்ணிட்டு ஆப்பை தொடவே இல்லன்னு அங்க எடுத்த சர்வேல தெரிஞ்சுது, 2025 ஜனவரில சட்டத்தைத் திருத்தி கடைக்காரங்க வாங்கியே ஆகணும்ங்கறதையும் எடுத்துட்டாங்க. வாங்குறவங்க கேக்காத ஒரு வசதியை வயல்ல வேலை பாக்குறவங்க தலையில கட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

சட்டம் நாட்டுக்கு நாடு வேற. சீனா 2021 செப்டம்பர்ல கிரிப்டோ பரிவர்த்தனை எல்லாத்தையும் சட்டவிரோதம்னு அறிவிச்சுச்சு. அமெரிக்க வரித்துறை 2014-ல இருந்து கிரிப்டோவை சொத்தா பாக்குது. அப்படி சொத்தா பாக்குற நாட்டுல ஒரே வியாபாரத்துல ரெண்டு கணக்கு வரும்: சரக்கு வித்த வருமானம், காயின் கைக்கு வந்த நேரத்து மதிப்புல, அப்புறம் காயினை வித்தப்போ அந்த மதிப்புல இருந்து ஏறினதோ இறங்கினதோ. அன்னிக்கே மாத்திட்டா ரெண்டாவது கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யமாகிடும், உடனே மாத்துங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். ஏற்றுமதின்னா இன்னொரு கேள்வி வரும், ஏற்றுமதி பணம் பேங்க் வழியா வெளிநாட்டுப் பணமா உள்ள வந்ததுக்கு ஆதாரம் கேக்குற நாடுகள் நெறைய, காயினா வந்தா அந்த ஆதாரம் கிடைக்காது, அதனால ஏற்றுமதி சலுகை போகலாம், விதிமீறல்னும் ஆகலாம். இதை மட்டும் உங்க பேங்க்லயும் ஆடிட்டர்கிட்டயும் கேக்காம ஒரு மூட்டை கூட அனுப்பாதீங்க, அவங்க கூடாதுன்னா இந்த பேச்சு அங்கயே முடிஞ்சுது, பையர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் சரி.

குழுவுக்குள்ள ஒரு விஷயம். வாலட்டோட சீட் ஃப்ரேஸ், அதாவது வாலட்டைத் திரும்பத் திறக்க உதவுற 12 இல்ல 24 ரகசிய வார்த்தை, ஒருத்தர் போன்ல மட்டும் இருக்கவே கூடாது. அந்த ஒருத்தர் நல்லவரா இருந்தாலும் போன் தண்ணில விழலாம், அவருக்கே ஏதாவது ஆகலாம், அப்புறம் அந்தப் பணத்தை கடவுளால கூட எடுக்க முடியாது. குழுவோட வாலட்டையும் மல்டிசிக்கா போட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேர்ல ரெண்டு பேர் சேர்ந்தாதான் நகரும்னு வெச்சுக்கோங்க, பேங்க் செக்ல ரெண்டு கையெழுத்து போடுறீங்களே அதே முறைதான். வார்த்தைகளை பேப்பர்ல எழுதி வேற வேற இடத்துல பத்திரமா வைங்க, போட்டோ எடுக்காதீங்க, மெசேஜ்ல அனுப்பாதீங்க. உறுப்பினருக்கு பட்டுவாடா பண்றப்போ காயினா குடுக்காதீங்க, பணமா மாத்தி கணக்குல போடுங்க, எந்த ரேட்ல மாத்தினோம்னு ரசீதை எல்லாருக்கும் காட்டுங்க. ரேட்ல சந்தேகம் வந்துதான் நல்லா இருந்த குழுக்கள் உடையுது.

ஒப்பந்தத்துல பணம் சம்பந்தமா எழுத வேண்டிய வாசகம் இப்படி இருக்கலாம்: விலை இவ்வளவு டாலர், ஒரு டன்னுக்கு. செலுத்துறது இன்ன ஸ்டேபிள்காயின்ல, இன்ன நெட்வொர்க்ல, இன்ன அட்ரஸ்ல இருந்து இன்ன அட்ரஸுக்கு. செலுத்துற நேரத்துல அந்த காயின் இன்ன எக்ஸ்சேஞ்ச்ல 99 சென்ட்டுக்குக் கீழ இருந்தா குறையை வாங்குறவர் ஈடு கட்டணும், இல்லன்னா பேங்க் வழியா டாலரா அனுப்பணும். எக்ஸ்சேஞ்சோ காயின் கம்பெனியோ பணத்தை முடக்கினா, காரணம் அனுப்பினவரோட அட்ரஸா இருந்தா, பணம் செலுத்தலன்னே கருதப்படும். எஸ்க்ரோல முழுத்தொகையும் வந்து விக்கிறவர் அதை எழுத்துல உறுதி பண்ணாத வரைக்கும் சரக்கு ஏத்துற கடமை அவருக்குக் கிடையாது. தகராறுக்கு நடுவர் இன்னார், இன்ன ஊர்ல, இன்ன நாட்டு சட்டப்படி.

இந்த வாசகத்தை பையருக்கு அனுப்புங்க. நிஜமா வியாபாரம் பண்ண வந்தவர் ஒண்ணு ரெண்டு இடத்துல பேரம் பேசுவாரு, அட்ரஸ் யாரு பேர்ல இருக்குங்கறதையும் சொல்வாரு. அந்த ரெண்டாவது, நாலாவது, அஞ்சாவது வரியை எடுத்தாத்தான் ஆச்சுன்னு அடம்பிடிச்சா சரக்கை வேற ஆளுக்குப் பேசுங்க, தானியம் கொஞ்ச நாள் கிடங்குல இருந்தாலும் பரவால்ல.